அப்பாவுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்த சனிக்கிழமை

தங்கராசுவுக்கு அம்மா எழுதுவது.

வழக்கமாக "கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு" என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. பிரியம் எங்கேயும் போய்விடவில்லை, அதற்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். செம்பூரில் நீ சிநேகிதர்களோடு தங்கியிருக்கிற அறைக்கு இது நாளைக்கு வந்து சேரும். நின்றபடியே மேலாகப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளாதே. உட்கார்ந்து படி. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப்போகிறார்கள். மாப்பிள்ளை இன்னார், பெண் இன்னார், இன்னாருடைய மகன், இன்ன ஊர் என்று சபை முன்னால் வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை நம் வீட்டுக்கு ஒருத்தி வரப்போகிறாள். அவள் வந்து சேருவதற்குள் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

போன சனிக்கிழமை நடந்ததைத் திரும்பவும் எழுதுகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ எதைப் பார்த்தாய், எதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்பது எனக்குத் தெரிய வேண்டாமா? சேவைப் பயணம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். செம்பூரிலிருந்து தாராவிக்கு வருவதற்குப் பெயர் பயணமாம். குர்லாவில் ரயில் மாறி சயானில் இறங்கினால் பொடிநடையாக வந்துவிடலாம். நீங்கள் என்னவோ ஆப்பிரிக்கக் காட்டுக்குள் போகிறவர்கள் மாதிரி ஒரு வேன், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் பிளாஸ்க், காகிதத்தில் சுற்றின சாண்ட்விச், ஆளுக்கொரு ரப்பர் பூட்ஸ் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தீர்கள். வேன் சந்து முனையிலேயே மாட்டிக்கொண்டதால் இறங்கி நடந்தீர்கள். பால் பவுடர் ஒரு கூடையில், சோப்பு ஒரு கூடையில், பிள்ளைகளுக்கு ஊசி போட ஒரு நர்சும் கூட. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இங்கிலீஷும் இந்தியும்தான் ஓடும். எங்கள் வரிசையில் வீட்டிலிருக்கிற பெண்களுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. அதனால் அங்கே கேட்பதை இங்கே சொல்லவும் இங்கே சொல்வதை அங்கே சொல்லவும் உன்னைப் பிடித்திருக்கிறார்கள். உனக்குத் தமிழ் நன்றாகப் பேச வருமாம். வராமல் பிறகு? இந்தச் சந்தில் கற்றுக்கொண்ட தமிழ்தானே அது.

அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை நான் மன்னித்திருப்பேன், மன்னிக்க ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. வேறு வரிசைக்குத்தான் போவார்கள், நம் வீட்டுப் பக்கம் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாய் போலிருக்கிறது. அவர்கள் நேரே நம் வரிசையில்தான் நுழைந்தார்கள். நான் பக்கத்து வீட்டு மரியம்மையோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள். "ஏ அக்கா, நம்ம ராசு வாரான் பாரு, கூட்டமா வாரானே, பொண்ணு வீட்டு ஆளுகளா?" என்று கேட்டாள். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாய். அப்புறம் நிமிர்ந்து, "அம்மா, வணக்கம். நாங்க செம்பூர் கோயில்லேருந்து வந்திருக்கோம். உங்க வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாய். மைக்கில் பேசுகிறவன் மாதிரி ஒரு தமிழ். பெற்றவளைப் பார்த்துப் பன்மையில் ஒரு வணக்கம். மரியம்மை வாயைத் திறந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். கிள்ளினேன் என்பதை நினைத்தால் இப்போது என் கையையே வெட்டிப்போடலாம் போலிருக்கிறது. "ரெண்டு பேரு" என்று பதில் சொன்னேன்.

நீ எழுதிக்கொண்டாய். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், காய்ச்சுகிறீர்களா, கக்கூசு எவ்வளவு தூரம், எல்லாம் கேட்டாய். உனக்குத் தெரியாத ஒன்றையாவது கேட்டாயா? பிள்ளைகள் எத்தனை என்று அந்தக் காகிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் கேட்டாய், நம் வீட்டில் மட்டும் அதைத் தாண்டிவிட்டாய். அந்தச் சமயத்தில்தான் யாரோ "பியூலா!" என்று கூப்பிட, சோப்புக் கூடை வைத்திருந்த பெண் திரும்பினாள். என் மருமகளாக வரப்போகிறவளை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்படித்தான். பச்சைப் பாவாடை, நெற்றியில் வழிகிற வியர்வை, அவள் மட்டும் பூட்ஸ் இல்லாமல் சாதாரணச் செருப்பு. அவள் எனக்கு ஒரு சோப்புக்கட்டி கொடுத்தாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மருமகளுக்கு நான் முதலில் என்ன கொடுப்பது என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தவள் நான்.

இதோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். ஷிப்ட் முடிந்து அப்பா அப்போதுதான் தோல் கம்பெனியிலிருந்து வந்தார். தூரத்திலேயே உன்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் எப்படி ஆயிற்று என்று நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நடையை எட்டிப் போட்டு, உன் தோளைத் தொடக் கையை நீட்டிக்கொண்டே வந்தார். நீ ஒரு எட்டுப் பின்னால் போனாய். அவ்வளவு போதுமாயிருந்தது அவருக்கு. நீட்டின கையை அப்படியே மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். கண்ணாடி போட்ட உங்கள் தலைவன் பையன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "இவருக்குச் செய்து காட்டு" என்று உன்னிடம் இங்கிலீஷில் சொன்னான். மிஷன் போர்டிங்கில் எட்டாவது வரை படித்த எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். வாளியும் செம்பும் வந்தன. நீ உன் அப்பாவுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தாய். "ஐயா, இப்படி நனைக்கணும். இப்படி சோப்புப் போடணும். விரலுக்கு நடுவுல நல்லாத் தேய்க்கணும்." தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தண்ணீரிலும் முப்பது வருஷமாக ஊறின கை அது. எந்தச் சோப்புக்கும் அந்தக் கறை போகாது என்று உனக்குத் தெரியாதா? அந்தக் கையால்தான் உனக்குப் பிசைந்து ஊட்டினார், அந்தக் கறைதான் உன்னைப் படிக்க வைத்தது. அந்த மனிதர் நீ சொன்னபடி விரலுக்கு நடுவே தேய்த்தார். கழுவிவிட்டு இரண்டு கையையும் உன் முன்னால் நீட்டி, "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டார். ஒருவன் படம் எடுத்தான், எல்லாரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

நீங்கள் போன பிறகு நான் அவரிடம் சண்டை போட்டேன். "அவன் மூஞ்சில அந்தத் தண்ணிய ஊத்தியிருக்க வேண்டாமா?" என்று கத்தினேன். அவர் சொன்னது என்ன தெரியுமா? "ஏட்டி, சும்மா இரி. பிள்ள எவ்வளவு நல்லாப் பேசுதாம்லா. அத்தன பேரும் அவன் வாயத்தான் பாத்துட்டு நிக்காவ." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அவர் உன்மேல் கோபப்பட்டிருந்தால் நான் சமாதானம் பேசியிருப்பேன், எனக்கும் வேலை சுலபமாகப் போயிருக்கும். அவர் கோபப்படாததால் இரண்டு பேர் கோபத்தையும் நான் ஒருத்தியே சுமக்க வேண்டியிருக்கிறது.

சரி, உன்னை மட்டும் வைது என்ன பயன்? இதற்கெல்லாம் விதை போட்டவள் நான். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு "அம்மாதானே கற்றுக்கொடுத்தாள்" என்று நீ எனக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாராவி என்று எழுதினால் இடம் கிடைக்காது என்றார்கள். மாட்டுங்காவில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டு மாமி, "எங்காத்து விலாசத்தைப் போட்டுக்கோயேன், யார் வந்து பாக்கப் போறா" என்று நல்ல மனதோடு சொன்னாள். போட்டேன். உனக்கு அந்த விலாசத்தை மனப்பாடம் பண்ண வைத்தேன். கட்டடத்தின் பெயர், மாடி, தெரு, எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுவாய். முதல் வகுப்பில் டீச்சர் கேட்டபோது மறந்துபோய் "தாராவி" என்று சொல்லிவிட்டு வந்தாய். அகப்பைக் காம்பால் உன்னை அடித்தேன். "பொய் சொல்லப்படாதுன்னு சண்டே ஸ்கூல்ல சொன்னாங்கம்மா" என்று அழுதாய். "இது பொய் இல்லல, வயித்துப்பாடு" என்று சொல்லி இன்னும் ஒன்று வைத்தேன். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. உனக்கு நினைவிருக்கும், இருந்தும் நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. நீ ஐந்தாவது படிக்கும்போது பரிசு கொடுத்தார்கள். பெற்றோர் வர வேண்டும் என்று சீட்டு வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மாமி வீட்டு வேலையை முடித்துவிட்டு, ஈரம் காயாத சேலையோடு ஓடி வந்தேன். நீ பரிசுப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். உங்கள் ஹெட்மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரம்மா?" என்றார். மாட்டுங்கா மாடி வீட்டு அம்மா இப்படி வந்து நிற்பாளா என்று எனக்குள் ஒரு பயம். "பையன் வீட்டு வேலைக்காரி, கூட்டிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கட்டிக்கொண்டு, "கெட்டிக்காரப் பிள்ள, வாயத் தொறக்காம நின்னான்" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். நீ வாயைத் திறந்து "இது என் அம்மா" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப் போனால் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியிருப்பார்கள். வேறு பள்ளிக்கூடம் கிடைத்திருக்கும். பத்து வயதில் உன் வாயை அடைத்தவள் நான், அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உனக்கு இப்போது இருபத்தாறு வயது. பத்து வயதுப் பிள்ளை பேசாமல் நின்றதற்கு நான் பொறுப்பு. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை கைதட்டினதற்கு நான் பொறுப்பில்லை.

கல்யாண விஷயத்திலும் உன்னோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன். பெண் வீட்டாரிடம் அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருக்கிறார்கள், உடம்புக்கு முடியவில்லை, கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொல்லியிருப்பதாக வந்து நின்றாய். "கொஞ்ச நாள்தாம்மா, பிறகு நானே அவளைக் கூட்டிட்டு வாரேன்" என்றாய். எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் பிள்ளை சந்தோஷமாக இருந்தால் சரி என்று ஒத்துக்கொண்டேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எப்போது கூட்டி வருவாய்? முதல் பிள்ளை பிறந்த பிறகா? அதற்குப் பெயர் வைத்த பிறகா? நாங்கள் இரண்டு பேரும் ஒழிந்த பிறகு எங்கள் கல்லறையைக் காட்டவா? கல்யாணம் பண்ணப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என் புத்தி இது ஒன்றுதான். கட்டிக்கொள்கிறவளிடம் முதல் நாளிலேயே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு குடித்தனம் ஆரம்பித்தால், அவள் அன்பாகக் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நீ பயப்பட வேண்டியிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். உன் பள்ளிக்கூடத்து வழியில் யாராவது சிரித்துப் பேச வந்தாலே பத்து வருஷம் எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

சேவை என்று சொன்னாயே, அதைப் பற்றியும் கொஞ்சம் கேட்டுக்கொள். ஒரு மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எதிர்வீட்டுக் கதீஜாவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. அவள் புருஷன் வெளியூர் போயிருந்தான். முழங்கால் தண்ணீரில் அப்பா அவளை முதுகில் தூக்கிக்கொண்டு சயான் வரை நடந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நீ கூடவே குடையைப் பிடித்துக்கொண்டு போனாய், குடை காற்றில் திரும்பிக்கொண்டதாக வந்து சிரித்தாய். அவர் திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், அவ்வளவுதான். யாரும் படம் எடுக்கவில்லை. அவர் பூட்ஸ் போட்டிருக்கவில்லை. அந்த ஆளுக்குத்தான் போன சனிக்கிழமை நீ சுத்தம் சொல்லிக்கொடுத்தாய். உங்கள் கோயில் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது, தெரியாத இடத்துக்கு நல்ல எண்ணத்தோடு வந்தார்கள். ஊசி போட்டதும் பால் பவுடர் கொடுத்ததும் நல்ல காரியம்தான், பிள்ளைக்காரிகள் வாழ்த்தினார்கள். தெரிந்துகொண்டே வந்தவன் நீ ஒருவன்தான்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத விஷயம். நேற்றுச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பியூலா திரும்பி வந்தாள். தனியாக, ஆபீசிலிருந்து நேரே. கையில் நீ எழுதின காகிதக் கட்டு. உட்காரப் பலகை எடுக்க நான் உள்ளே போவதற்குள், வாசலில் கவிழ்த்து வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்மேல் தூசிகூடத் தட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, என் தமிழ் கொஞ்சம் கச்சாதான், சரியா வராது, சிரிக்கக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிக்கொண்டாள். "ராஜ் எல்லா வீட்டுக்கும் எழுதிட்டாரு. உங்க வீட்டுக்கு மட்டும் இங்க காலி இருக்கு. பிள்ளை எத்தனை? மத்லப், அதான், உங்க சொந்தப் பிள்ளை." தங்கராசு ராஜ் ஆனது எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். நிதானமாக, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்களுக்குப் பிள்ள இல்லம்மா. கர்த்தர் குடுக்கல."

அவள் முகம் வாடிவிட்டது. "ஸாரி அங்கிள்" என்றாள். பேனாவைக் காகிதத்தில் வைத்துச் சுழி போடப் போனாள். தங்கராசு, உன்னைப் பெற எனக்கு இரண்டு நாள் வலி. அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக நீ அழுத சத்தம் கேட்டு, முழங்கால் போட்டு அழுத ஆள் அந்த மனிதர். அவர் வாயால் பிள்ளை இல்லை என்று சொல்லக் கேட்டதும் எனக்குள் என்ன அறுந்துபோயிற்றோ தெரியாது. "இருக்கான்! ஒருத்தன் இருக்கான், எழுது!" என்று கத்திவிட்டேன். மரியம்மை அவள் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா, "ஏட்டி" என்று மெதுவாகச் சொன்னார், கெஞ்சுகிற மாதிரி. பியூலா என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். எங்களுக்குள் ஏதோ சண்டை, மகன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் போல என்று நினைத்திருப்பாள். ஒன்று என்று எழுதினாள். "பேரு, ஆன்ட்டி?" என்று கேட்டாள். உன் பெயர் என் தொண்டை வரை வந்தது. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவைச் சங்கிலி. இப்படிச் சந்தில் வைத்து அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போட எனக்கு மனசு வரவில்லை. "இப்ப சொல்ல முடியாதும்மா. சனிக்கெழம வருவல்லா, அப்பச் சொல்லுதேன்" என்றேன். இரண்டாவது ஊசி போட நர்சோடு சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொன்னாள். போகும்போது என் கையைப் பிடித்து, "உங்க பையன் வந்துடுவாரு ஆன்ட்டி, நான் பிரேயர் பண்றேன்" என்றாள். நல்ல பெண் கிடைத்திருக்கிறாள் உனக்கு. அவளுக்குத்தான் எப்படிப்பட்டவன் கிடைத்திருக்கிறான் என்று இன்னும் தெரியாது.

அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனாம். காலையில் கஞ்சியைக் குடிக்காமலே வேலைக்குப் போனார். சனிக்கிழமை அவள் வரும்போது என்னை மரியம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகன் செத்துப்போனான், அதிலிருந்து என் பெண்சாதிக்கு மூளை கலங்கிப்போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று யோசித்து வைத்திருக்கிறார். மரியம்மையிடம் அப்படிச் சொல்லி உதவி கேட்டிருக்கிறார், அவள் அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னாள். உனக்காக உன்னையே சாகடிக்க உன் அப்பா தயாராக இருக்கிறார். நான் தயாராக இல்லை.

அதனால் கேட்டுக்கொள். உனக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாள் இருக்கிறது. பியூலாவிடம் நீயே சொல். எந்தப் பாதிரியாரையும் நடுவில் வைக்காதே, கடிதம் எழுதிக் கொடுக்காதே, முகத்தைப் பார்த்துச் சொல். அவள் கோபப்பட்டால் வாங்கிக்கொள், கல்யாணம் வேண்டாம் என்றால் அதையும் வாங்கிக்கொள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நீ சொல்லாவிட்டால் சனிக்கிழமை நான் வாசலை விட்டு நகரப்போவதில்லை, உன் பெயரை நான் சொல்லுவேன். உன்னைப் பழி வாங்க அல்ல. அவள் பேனாவை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்கும்போது, உன் அப்பா என்னை முந்திக்கொண்டு வாயைத் திறப்பார். மகனே, பிள்ளை இல்லை என்று அந்த மனிதரை இன்னொரு தடவை சொல்ல வைக்காதே.

உன் அம்மா